போடிக்குக் கீழே இரும்பு

“இதைக் கொஞ்சம் முன்னாடியே கண்டுபிடிச்சிருந்தா, எங்கக்கா இன்னைக்கு நம்ம மத்தியில உக்காந்திருப்பா” என்றான் அஜய்குமார். கம்பிக் கட்டுகளைப் பார்த்துச் சொன்னான். இரண்டு கைகளையும் முன்னால் கோத்திருந்தான். சர்ச்சில் மைக் முன்னால் நிற்பதாக நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை மதியம். போடி பஜாரில் என் மாமனார் ஏசுதாசனின் இரும்புக் கடை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அடுத்த ஞாயிறு என் மனைவி எப்சிபாவின் முதல் வருஷ நினைவுக் கூட்டம். குடும்பத்திலிருந்து ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். இறந்தவரைப் பற்றிக் கொஞ்சம், கடவுளுக்கு நன்றி, கேட்பவர்களுக்கு ஒரு புத்திமதி. முதலில் என்னைத்தான் கேட்டார்கள். மாட்டேன் என்றேன். அதனால் அவள் தம்பி அஜய். எனக்கு முதலில் சொல்லிக் காட்ட வேண்டும் என்று கூப்பிட்டிருந்தான்.

“அந்த வரியை எடு” என்றேன்.

“எந்த வரி?”

“முன்னாடியே.”

“அது நல்ல வரி மச்சான். அதக் கேட்டு நாலு பேரு செக்கப்புக்குப் போனா, அது ஒரு ஆசீர்வாதந்தானே.”

“எடு.”

“மத்தத வேணா மாத்துறேன். அத எடுக்க மாட்டேன்.”

அந்தச் சொல்லை நான் ஒரு வருஷமாகக் கேட்கிறேன். சவப்பெட்டியை வேனில் ஏற்றும்போது எதிர்க்கடை நல்லகண்ணு அண்ணாச்சி என் தோளில் கை வைத்து முதலில் சொன்னார். பெயிண்ட் கடைக்காரர். “கொஞ்சம் முன்னாடியே பாத்திருக்கலாமே தம்பி.” அதன்பிறகு எல்லோரும். லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் என்னோடு ஷிப்ட் பார்ப்பவர்கள். நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸின் வாட்ச்மேன். அவள் கணக்கு டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர். என்னைப் பெற்றவள். ஆறுதல் சொல்வதாகத்தான் அவர்கள் நினைத்தார்கள். எனக்குக் கேட்டது ஒன்றுதான். நீ பார்க்கவில்லை.

பார்த்தேன். முதுகு வலிக்கிறது என்று அவள் சொன்ன வாரமே தேனிக்குக் கூட்டிப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். கண் மஞ்சளாகி மதுரைக்குப் போனபோதுதான் கணையத்தில் கட்டி தெரிந்தது. வயிற்றுக்குப் பின்னால், ஆழத்தில். “இது தெரியும்போது பெரும்பாலும் இப்படித்தான் தெரியும். அந்த ஸ்கேன்ல தெரிஞ்சிருக்காது” என்றார் டாக்டர். மாமனார் கேட்டுக்கொண்டு நின்றார். மாமியார் கிருபாவதி அத்தை கேட்டார். அஜய்யும் கேட்டான். மூன்று பேரும் அதை அந்த ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

இப்போது இவன் அதை மைக்கில் சொல்லப் போகிறான். சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்கும்.

“அப்ப ஆடுவோமா?” என்று அஜய்தான் கேட்டான்.

இந்த வீட்டில் தகராறு வந்தால் ஆட்டம். எப்சிபா கொண்டுவந்த வழக்கம். பரோட்டா வாங்க யார் போவது, கிறிஸ்துமஸுக்கு போடியா குவார்ட்டர்ஸா, எல்லாம் லேப்டாப்பில் ஒரு போர் ஆட்டம் ஆடித் தீரும். ஆளுக்கு ஒரு நாடு. ஒருவர் முறை முடிந்தபின் அடுத்தவர் முறை. ஒரே லேப்டாப் என்பதால் ஒருவர் ஆடும்போது மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். சட்டம் அது ஒன்றுதான். மாமனார் வீட்டில் குடும்ப ஜெபத்தின்போதுகூட ஆளாளுக்கு ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பார்கள். இதில் பார்க்க மாட்டார்கள்.

ஆட்டம் தொடங்கும்போது உலகம் இருட்டாக இருக்கும். கையில் ஒரு வேவுக்காரன், குடியேற ஒரு கூட்டம். வேவுக்காரன் நடக்க நடக்க நிலம் தெரியும். ஊர் கட்டி, ஆள் சேர்த்து, வித்தை கற்று, எதிரியின் தலைநகரைப் பிடிக்க வேண்டும். நல்ல படைக்கு ஆள் மட்டும் போதாது. குதிரை வேண்டும். இரும்பு வேண்டும். பிறகு வெடியுப்பு. இவை உலகத்தில் ஏதோ ஓரிரு இடங்களில்தான் கிடக்கும். முதலில் கண்டுபிடித்து வளைத்துக்கொண்டவருக்குப் பாதி ஆட்டம் முடிந்த மாதிரி.

அதிலும் ஒரு வம்பு உண்டு. குதிரை தொடக்கத்திலேயே கண்ணுக்குத் தெரியும். இரும்பு தெரியாது. அது முதலிலிருந்தே மண்ணுக்குள் இருக்கும். ஆனால் உலோக வித்தையைக் கற்று முடிக்கும்வரை அந்த இடம் வெறும் மேடாகத்தான் தெரியும். அதன்மேல் மாடு மேய்ப்போம். ஊர்கூடக் கட்டுவோம். கற்று முடித்த பிறகுதான் அங்கே ஒரு சின்னம் முளைக்கும்.

எப்சிபா இவற்றுக்குப் பெயர் வைத்திருந்தாள். குதிரை ஜட்கா. வெடியுப்பு சிவகாசி. இரும்பு அப்பா. இரும்புக் கடை அப்பா. “எனக்கு அப்பா கிடைச்சாச்சு!” என்று அவள் கத்தினால் நானும் அஜய்யும் தோற்றோம் என்று அர்த்தம். ஊர்களுக்கு நம்ம பக்கத்துப் பெயர்களையே வைப்போம்.

முதல் ஊரை அவள் யோசிக்காமல் வைப்பாள். ஆற்றோரம் ஒரு மேடு கிடைத்தால் போதும்.

“சுத்திப் பாக்காம வைக்கிறியே” என்பேன்.

“கீழ என்ன இருக்குன்னு இப்பத் தெரியாது. அப்பறம் காட்டுவான்.”

“யாரு?”

“எவனோ. படம் போட்டவன்.”

வேவுக்காரனை மட்டும் ஒரு முறைகூடச் சும்மா நிற்க விடமாட்டாள். பசுமையான இடங்களைத் தள்ளிவிட்டு மொட்டை மேட்டுக்கும் பொட்டல் காட்டுக்கும் அனுப்புவாள். ஒன்றுமில்லாத இடத்தில்தான் எதையாவது புதைத்து வைத்திருப்பான் என்பாள். பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. அவள் போன பிறகு நாங்கள் அதைத் திறக்கவில்லை.

“நீங்க ஜெயிச்சா வரிய எடுத்துடறேன்” என்றான் அஜய். “நான் ஜெயிச்சா நீங்க முன் பெஞ்சுல உக்காந்து பேசாமக் கேக்கணும்.”

“லேப்டாப்பைத் திற.”

எடை போடும் மெஷினுக்குப் பக்கத்தில் மேஜையில் வைத்தோம். அவன் தலைநகருக்குப் போடி என்று பேர் வைத்தான். நான் லோயர் கேம்ப். அவன் முறையில் நான் கம்பிகளைப் பார்த்து நின்றேன். என் முறையில் அவன் ஷட்டர் பக்கம் திரும்பி நின்றான். கடைக்குள் துருவும் எண்ணெயும் கலந்த வாசம். அவளுடைய துப்பட்டாவில் இந்த வாசம் இருக்கும். எரிச்சலாக வந்தது.

நான் வேவுக்காரனை ஆற்றோரமாக விட்டேன். புல்வெளி. ஒன்றுமில்லை. காடு. ஒன்றுமில்லை. மலை தாண்டினேன். அங்கே போடி தெரிந்தது. மேட்டின் மேல் அஜய்யின் கொடி. பக்கத்தில் வேலி போட்டுக் குதிரை மேய்ந்தது. முதல் சில முறையிலேயே பிடித்துவிட்டான்.

“என்ன மச்சான், ஜட்கா கிடைச்சுச்சா?”

“உன் வேலையைப் பாரு.”

“இங்கன ரெண்டு நிக்குது. வாடகைக்கு வேணுமா?”

“திரும்பி நில்லுடா.”

“திரும்பித்தான் நிக்கிறேன். வாய் எந்தப் பக்கம் இருந்தா உங்களுக்கென்ன?”

தேவாரம் என்று ஒரு ஊர் கட்டினான். பிறகு பொட்டிப்புரம். என்னிடம் லோயர் கேம்ப் தவிர வேறொன்றும் இல்லை. அவனுடைய குதிரைக்காரர்கள் வந்து என் வயல்களை மிதித்துவிட்டுப் போனார்கள். நான் வயலைச் சரிசெய்யவில்லை. மதில் கட்டவில்லை. இருந்ததையெல்லாம் உலோக வித்தையில் போட்டேன். இரும்பு எங்கேயாவது இருக்கும். இருந்தே ஆக வேண்டும்.

நடுவில் ஷட்டருக்கு அடியில் குனிந்து கிருபாவதி அத்தை வந்தார். கையில் டிபன் கேரியர். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“ஆடுறீகளா?” என்றார். முகம் மலர்ந்தது. “ஏலே அஜய், மாப்ளையச் சாப்பிட விடுடா. கறிக்குழம்பு ஆறிப்போகும்.”

“அவுக தோத்துட்டுச் சாப்பிடுவாகம்மா.”

அத்தை சிரித்தார். கேரியரைப் பிரித்துக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் சொன்னார். “முன்னாடியே தெரிஞ்சிருந்தா இந்நேரம் மூணு பேரா ஆடியிருப்பீக.”

அத்தையை நான் என்ன சொல்ல முடியும்? அவர் போகும்வரை லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன பிறகு அஜய்யின் முதுகைப் பார்த்தேன். வியர்த்திருந்தது. ஒரு கம்பியை உருவி அதில் ஒன்று போட்டால் என்ன என்று தோன்றியது. நிஜமாகவே தோன்றியது.

“உங்க முறை” என்றான்.

அந்த முறையில்தான் உலோகம் கற்று முடித்தேன். சின்னங்கள் முளைத்தன. நான் பார்த்திருந்த உலகத்தில் மொத்தம் இரண்டு. ஒன்று கடலுக்கு அந்தப் பக்கம், பனி மலையில். போய்ச் சேர முடியாது.

இன்னொன்று போடியில். ஊருக்குப் பக்கத்தில் என்றில்லை. ஊருக்கு நேர் கீழே. அஜய்யின் கொடி நட்ட அதே கட்டத்தில்.

அவனுக்குத் தெரியாது. வந்த படையெல்லாம் குதிரைகள்தான்; அவன் குதிரை வித்தையில் போய்க்கொண்டிருந்தான். உலோகத்தைத் தொடவே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஈட்டிக்காரர்களைக் குவித்து, அவன் குதிரைகள் என் வயலில் அலையும்போது போடியை வளைக்கலாம். இரும்பும் எனக்கு, ஆட்டமும் எனக்கு. அந்த வரியும் போய்விடும். எப்சிபா அதைத்தான் செய்திருப்பாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் “உன் முறைடா” என்றிருப்பாள்.

நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

“ஐயையோ, உங்க மேப்ப ஏன் காட்டுறீக?” கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

“கண்ணைத் திற.”

“மாட்டேன் மச்சான். அக்கா வச்ச ரூல்.”

“திறடா!”

கத்திவிட்டேன். ஷட்டருக்கு வெளியே யாரோ குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அஜய் கண்ணைத் திறந்தான். கொஞ்ச நேரம் தேடினான். பிறகு சிரித்துவிட்டான்.

“அப்பா நம்ம கடைக்குக் கீழயேவா இருக்காக!”

“ஆட்டம் ஆரம்பிச்சதுலருந்து அது மேலதான் உக்காந்திருக்க. ஏன் பாக்கல?”

“எப்படிப் பாக்க? நான்தான் உலோகமே படிக்கலையே.”

“முன்னாடியே பாத்திருக்கலாம்ல?”

“படிக்காம எப்படிக் காட்டும்? லூசு மாதிரிப் பேசுறீக. யாரு ஆடுனாலும் அப்பத் தெரியாது மச்சான். நீங்க ஆடுனாலும், அக்காவே ஆடுனாலும்…”

நின்றான். வாய் திறந்தபடியே இருந்தது.

“சொல்லு” என்றேன். “முழுசாச் சொல்லு.”

 அவன் முகம் சிவந்தது. லேப்டாப்பை என் கையிலிருந்து பிடுங்கி மேஜையில் வைத்தான்.

“அதுவும் இதுவும் ஒண்ணா? அவ எங்கக்கா. உங்க மேப் இல்ல.”

“என் பொண்டாட்டி.”

“உங்களுக்கு என்ன, நீங்க அங்கன குவார்ட்டர்ஸ்ல போய்ப் படுத்துக்கிட்டீக. எங்கம்மா தெனமும் அழுறாக. யாராலயும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னு சொன்னா அவுக எதப் புடிச்சுக்கிட்டு இருப்பாக?”

“அதுக்குத்தான் என்னையப் புடிச்சுக்கிட்டு இருக்கீகளா?”

   வெளியே பஜாரில் ஒரு லோடு ஆட்டோ ரிவர்ஸ் எடுக்கும் சத்தம். அது அடங்கும்வரை இருவரும் நின்றோம்.

“உங்க முறை முடிஞ்சுச்சா?” என்றான்.

பொத்தானை அழுத்தினேன்.

அதன்பிறகு அவன் கேலி பேசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் சொல்லவில்லை. உலோகம் கற்றான். எங்கே இருக்கிறது என்று அவனுக்கு நான்தான் காட்டிவிட்டேனே. போடியிலிருந்து இரும்புக் கவசம் போட்ட ஆட்கள் வரிசையாக இறங்கினார்கள். என் ஈட்டிகள் அவர்கள் முன்னால் ஈர்க்குச்சி. லோயர் கேம்ப் விழுந்தது. தோல்வி என்று திரை சொன்னது. ஒரு சோக இசை வேறு வந்தது. அஜய் அதை அணைத்தான்.

“வரி இருக்கும்” என்றான்.

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கறிக்குழம்பு திறந்தபடி ஆறிக்கிடந்தது.

தேவாரம் வழியாக வந்தேன். உத்தமபாளையம் நெருங்கும்போது சாலையோரம் பெரிய ஃபிளெக்ஸ். ஏதோ ஒரு மருத்துவமனை. வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆரம்பத்திலேயே கண்டறிவோம், வெல்வோம். பல தடவை கடந்து போன பலகைதான். அன்று வண்டியை நிறுத்தினேன். கல்லைப் பொறுக்கி வீசினேன். பெண்மேல் படவில்லை. பலகையைத் தாங்கும் இரும்புக் காலில் பட்டு நங்கென்றது. இன்னொரு கல்லுக்குக் குனிந்தேன். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். தோற்றவன் உட்கார்ந்துதானே ஆக வேண்டும். ஒரு பக்கம் மாமனார். இன்னொரு பக்கம் அத்தை. அத்தை என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் போடி பஜாரில் பாதி. எப்சிபாவின் போட்டோவுக்கு ரோஜா மாலை. பள்ளிக்கூட அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய படம். அவளுக்கு அந்தப் படம் பிடிக்காது.

பாட்டு முடிந்தது. பாஸ்டர் கூப்பிட்டார். அஜய் மைக் முன்னால் வந்து கைகளைக் கோத்துக்கொண்டான். நன்றாகத்தான் பேசினான். சின்ன வயதில் கடைத் தராசில் ஏறி நின்றுகொண்டு அக்கா இறங்க மறுத்ததைச் சொன்னான். அவள் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் காது வலிக்கும் என்றான். சிரித்தார்கள். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அந்த இடம் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

“எங்கக்காவுக்கு வந்த இதை…” என்றான். “இதைக் கொஞ்சம்…”

மைக்கில் அவன் மூச்சு கேட்டது. என்னைப் பார்த்தான். பிறகு அவன் அம்மாவைப் பார்த்தான். அத்தையின் பிடி என் கையில் இறுகியது.

“எங்கக்கா நல்லா ஆடுவா” என்றான். “என்னைய ஜெயிக்கவே விட மாட்டா. தேவனுக்கு ஸ்தோத்திரம்.”

இறங்கிவிட்டான். பாஸ்டர் புத்திமதிக்காகக் கொஞ்சம் காத்திருந்தார். வராது என்று தெரிந்ததும் ஜெபிப்போம் என்றார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. அஜய்யும் மூடவில்லை. அவன் என்மேல் கோபமாகத்தான் இருந்தான். ஜெயித்ததை விட்டுக்கொடுத்தவனின் கோபம்.

சர்ச்சுக்குப் பின்னால் ஹாலில் பிரியாணி. நீள மேஜைகள், வாழை இலை, பிளாஸ்டிக் நாற்காலிகள். எனக்கு எதிரில் நல்லகண்ணு அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷன்தான். கூட்டத்துக்கு நாற்காலிகூட அவர் செலவு. எலும்பை உறிஞ்சிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“தங்கமான பிள்ள. என்ன செய்ய. எல்லாஞ் சரி தம்பி, ஆனா நீங்க மட்டும் கொஞ்சம் முன்னாடியே…”

என் கை இலையில் நின்றது. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தேன். என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. இலை கையில் இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

“அண்ணாச்சி.”

அஜய். வெங்காயப் பச்சடி வாளியோடு அவருக்குப் பின்னால் நின்றான்.

“சொல்லுப்பா.”

“உங்களுக்குக் கீழ என்ன இருக்குன்னு தெரியுமா?”

“எனக்குக் கீழயா?”

“ஆமா. இப்ப, இந்த நிமிசம். உங்களுக்கு நேர் கீழ.”

அண்ணாச்சி பதறிப்போய்க் காலைத் தூக்கிக்கொண்டார். வேட்டியை ஒதுக்கி, குனிந்து, நாற்காலிக்கு அடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

“ஒண்ணுமில்லையேப்பா.”

“இப்பத் தெரியாது” என்றான் அஜய். குரல் உடைந்திருந்தது. ஆனாலும் ஹாலில் பாதிப் பேருக்குக் கேட்கும்படி சொன்னான். “அப்பறம் காட்டுவான்.”

“யாரு?”

 அஜய் அவர் இலையில் பச்சடியை ஒரு கரண்டி அடித்து ஊற்றினான். வேட்டியில் தெறித்தது. துடைக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அடுத்த இலைக்குப் போய்விட்டான். 

நான் இலையைக் கீழே வைத்து உட்கார்ந்தேன். பிரியாணி ஆறியிருந்தது. சாப்பிட்டேன். எதிரில் அண்ணாச்சியும் சாப்பிட்டார். முடிப்பதற்குள் இன்னொரு முறை குனிந்து பார்த்தார்.